நெடுஞ்சாலைத் துறை கட்டிய பேய் மேடை

பேய் பார்ப்பதற்கென்றே அரசாங்கம் கட்டடம் கட்டி, கழிவறையும் கார் நிறுத்த இடமும் வைத்து, சாலையோரம் பலகையும் நட்டிருக்கும் ஊர் உலகத்தில் அதிகம் இருக்காது. அமெரிக்காவின் டெக்ஸாஸ் மாநிலத்தில், மெக்ஸிகோ எல்லைக்குச் சற்று மேலே, பாலைப் புல்வெளியில் கிடக்கும் மார்ஃபா அப்படி ஓர் ஊர். ஊருக்குக் கிழக்கே 14 கிலோமீட்டரில், 90-ஆம் நெடுஞ்சாலையின் தென்பக்கம், செம்மண் நிறத்தில் வட்டமாக ஒரு கட்டடம். அதன் பின்புறம் ஒரு மேடை, மேடையில் பொருத்திய பைனாகுலர்கள். ‘மார்ஃபா விளக்குகள்’ பார்க்கும் இடம் இதுதான். கட்டியது சுற்றுலாத் துறை அல்ல; சாலை போடும் போக்குவரத்துத் துறை. இந்தக் கதையில் அந்தத் துறைக்கு இன்னொரு பங்கும் உண்டு. அதைப் பிறகு சொல்கிறேன்.

விளக்குகளைப் பற்றிச் சொல்லப்படுவது இவ்வளவுதான். இருட்டியதும் தென்மேற்கே, சினாட்டி மலைகள் இருக்கும் திசையில், அடிவானத்தை ஒட்டி ஒளிப்பந்துகள் கிளம்பும். வெள்ளை, மஞ்சள், ஆரஞ்சு, சில வேளை சிவப்பு. நின்று எரியும், நகரும். ஒன்று இரண்டாகும், இரண்டு ஒன்றாகும். சட்டென்று அணைந்து வேறிடத்தில் முளைக்கும். தேடிப் போனால் ஒன்றும் இருக்காது. நயவஞ்சகமாகப் பிடித்துக் கொடுக்கப்பட்ட அல்சாட்டே என்ற அப்பாச்சிப் பழங்குடித் தலைவனின் ஆவி தன் மக்களைத் தேடி அலைகிறது என்பது ஒரு கதை. இரண்டாம் உலகப் போரின்போது இந்த இடத்தில் ராணுவ விமானப் பயிற்சித் தளம் இருந்தது. பயிற்சி விமானிகள் ஒளியைத் துரத்திப் போய், அது தெரிந்த இடத்தில் அடையாளத்துக்கு மாவு மூட்டைகளைப் போட்டுவிட்டு வந்தார்கள், விடிந்து போய்ப் பார்த்தால் தடயமே இல்லை என்பது இன்னொன்று.

ஹூஸ்டனில் எண்ணெய்க் கம்பெனியில் வேலை பார்க்கும் அக்கா மகனோடு காரில் போனேன். ஏறக்குறைய 960 கிலோமீட்டர். சான் அன்டோனியோவைத் தாண்டியதும் மரங்கள் குட்டையாகி, பிறகு புதராகி, ஃபோர்ட் ஸ்டாக்டனுக்கு முன்பாகவே நிலம் வெறும் கல்லும் முள்ளுமாகிவிடுகிறது. எண்ணெய் உறிஞ்சும் இயந்திரங்கள் தலையாட்டிக்கொண்டே இருந்தன. நெடுஞ்சாலையை விட்டு ஆல்பைன் வழியாக மேற்கே திரும்பி, பைசானோ கணவாயைக் கடந்தபோது நிலம் திடீரென்று விரிந்தது. கண்ணுக்கு எட்டியவரை பழுப்புப் புல், அதற்கப்பால் நீல மலைக்கோடு. இந்தச் சமவெளிக்கு மிட்செல் ஃப்ளாட் என்று பெயர். கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,400 மீட்டர் உயரம். மலைமேல் இருக்கிறோம் என்ற எண்ணமே வராத உயரம்.

இந்தக் கணவாய் வழியாகத்தான் 1883-இல் ராபர்ட் ரீட் எல்லிசன் என்ற இளம் மாட்டுக்காரர் மந்தையை ஓட்டி வந்தார். தூரத்தில் ஒளி மினுங்குவதைக் கண்டு அப்பாச்சிகள் மூட்டிய நெருப்போ என்று பயந்தார். அங்கே குடியேறியிருந்தவர்கள், “நாங்களும் பார்த்திருக்கிறோம், போய்த் தேடினால் சாம்பல்கூடக் கிடைப்பதில்லை” என்றார்களாம். மார்ஃபா விளக்கைப் பற்றிய எந்தப் பேச்சும் இந்த 1883-இல்தான் தொடங்கும். ஏனென்றால், விளக்குகள் கார் வெளிச்சம்தான் என்பவர்களுக்கு மறுப்பாக, அப்போது கார் கிடையாது.

மார்ஃபாவில் ஏறத்தாழ 1,800 பேர் இருக்கிறார்கள். ரயில் எஞ்சினுக்குத் தண்ணீர் பிடிக்க 1880-களின் தொடக்கத்தில் உண்டான ஊர். 1886-இல் கட்டிய நீதிமன்றம் ஊருக்கு நடுவே பெரிதாக நிற்கிறது. 1955 கோடையில் ‘ஜயண்ட்’ படப்பிடிப்புக்கு எலிசபெத் டெய்லரும் ராக் ஹட்சனும் ஜேம்ஸ் டீனும் வந்து பைசானோ ஹோட்டலில் தங்கினார்கள். டீன் விளக்குகளைப் பார்க்கத் தொலைநோக்கி வைத்திருந்தார் என்று ஊரில் சொல்கிறார்கள். 1970-களில் டொனால்ட் ஜட் என்ற நியூயார்க் சிற்பி வந்து குடியேறி, பழைய பீரங்கிக் கொட்டகைகளில் நூறு அலுமினியப் பெட்டிகளை அடுக்கி வைத்தார். அதைப் பார்க்க உலகம் முழுவதிலிருந்தும் ஆட்கள் வருகிறார்கள். ஆகவே மாட்டுக்காரர்களும் ஓவியர்களும் ஒரே காபிக்கடையில் உட்கார்ந்திருக்கும் விசித்திரமான ஊர் இது. பெட்டிகளைப் பார்த்தேன். மதிய வெயில் விழும்போது அழகாகத்தான் இருக்கின்றன. அதற்குமேல் எழுத எனக்கு ஒன்றும் இல்லை.

இரவுக்கு முன்னால் பகலில் பார்க்க வேண்டிய ஒன்று இருந்தது. மார்ஃபாவிலிருந்து தெற்கே, எல்லையில் இருக்கும் பிரெசிடியோ வரை சுமார் 97 கிலோமீட்டர் போகிறது 67-ஆம் நெடுஞ்சாலை. அதில் ஓட்டிக்கொண்டு போனோம். முதலில் நேர்கோடு, பிறகு குன்றுகளுக்குள் ஏறி இறங்கி வளைகிறது. வழியில் ஷாஃப்டர் என்று ஏறக்குறைய கைவிடப்பட்ட வெள்ளிச் சுரங்க ஊர். பல வீடுகளுக்குச் சுவர்கள் மட்டும் நிற்கின்றன. திரும்பி வரும்போது அக்கா மகன் மேட்டில் ஓரிடத்தில் வண்டியை ஒதுக்கி, வடகிழக்கே காட்டி, “மாமா, நாம ராத்திரி நிக்கப்போற இடம் அங்கதான்” என்றான். வெறும் சமவெளி. கட்டடம் கண்ணுக்குத் தெரியவில்லை. ஆனால் நடுவில் மறைப்பு எதுவும் இல்லை என்பது தெரிந்தது. போனில் வரைபடத்தைத் திறந்து, மேடையிலிருந்து அந்தச் சாலை எந்தத் திசையில் தொடங்கி எந்தத் திசையில் முடியும் என்று கோடு போட்டு வைத்துக்கொண்டான். பொறியாளர்களோடு பேய் பார்க்கப் போவதில் இது ஒரு வசதி.

பொழுது சாயும்போது மேடைக்கு வந்தோம். முன்பே பத்துப் பதினைந்து பேர் இருந்தார்கள். மடக்கு நாற்காலி, போர்வை, ஃப்ளாஸ்க். குழந்தைகள் சுற்றி ஓடிக்கொண்டிருந்தன. பகலெல்லாம் சுட்டுப் பொசுக்கிய நிலம் சூரியன் இறங்கிய சற்று நேரத்தில் குளிர ஆரம்பித்தது. மலைகள் கருத்து, பிறகு வானத்தோடு கலந்து காணாமல் போயின. இதை மட்டும் நன்றாகக் கவனிக்க வேண்டும். மலை எங்கே முடிகிறது, வானம் எங்கே தொடங்குகிறது என்று சொல்ல முடியாத இருட்டில், மலைச்சரிவில் இருக்கும் எந்த வெளிச்சமும் ஆகாயத்தில் தொங்குவதாகத்தான் தெரியும்.

தென்மேற்கே ஒரு கோபுரத்தின் சிவப்பு விளக்கு விட்டுவிட்டு மின்னியது. அது பேய் அல்ல என்பதில் எல்லோருக்கும் உடன்பாடு. அதை வைத்துத்தான் மற்றதற்குத் திசை சொல்கிறார்கள். “சிவப்புக்கு வலது பக்கம்!” என்று யாரோ கத்தினார்கள். ஒரு வெள்ளை ஒளி. ஊசிமுனை அளவில் தோன்றி, மெல்லப் பெருத்து, கொஞ்சம் துடித்து, அணைந்தது. அடுத்து இன்னொன்று. பிறகு இரண்டு சேர்ந்தாற்போல் வந்து, ஒன்று மற்றதைத் தாண்டிப் போனது. மேடையில் பெருமூச்சும் கைதட்டலும். உண்மையைச் சொன்னால் எனக்கும் முதுகு சிலிர்த்தது. பக்கத்தில் அவன் போனையும் தூரத்தையும் மாறிமாறிப் பார்த்துவிட்டு, “கோட்டுக்குள்ளதான் மாமா எல்லாம்” என்றான்.

அவன் செய்ததை 2004-இல் டல்லஸில் இருக்கும் டெக்ஸாஸ் பல்கலைக்கழகத்தின் இயற்பியல் மாணவர்கள் முறையாகச் செய்திருக்கிறார்கள். நான்கு இரவுகள். சிலர் மேடையில், சிலர் 67-ஆம் சாலையில். சாலையில் போகும் வண்டிகளின் எண்ணிக்கையும் மேடையில் தெரியும் ஒளிகளின் எண்ணிக்கையும் சேர்ந்தே ஏறி இறங்கின. ஒளிகள் நகர்ந்த கோடு சாலையின் கோடு. சாலையோரம் வண்டியை நிறுத்தி விளக்கை அணைத்து அணைத்துப் போட்டபோது, மேடையில் இருந்தவர்கள் கண்ணுக்கு அது அச்சு அசல் மார்ஃபா விளக்காகத் தெரிந்தது. ஒரு கார் மற்றொன்றை முந்தினால், ஒரு பேய் மற்றொன்றைத் தாண்டியது. அந்த நான்கு இரவுகளில் தென்மேற்கே தெரிந்தவை அத்தனையும் கார் ஹெட்லைட்டுகள் என்று எழுதினார்கள். 2008-இல் டெக்ஸாஸ் ஸ்டேட் பல்கலைக்கழகத்தார் நிறமாலைக் கருவிகளோடு வந்து இருபது இரவுகள் பார்த்தார்கள். அவர்களுக்குக் கிடைத்ததும் ஹெட்லைட், அல்லது சின்னச் சின்ன நெருப்பு.

ஹெட்லைட் என்றால் நமக்குத் தெரியாதா, அது எப்படிப் பேயாகும் என்று கேட்கத் தோன்றும். இங்கேதான் தூரம் விளையாடுகிறது. காரின் இரண்டு விளக்குகளுக்கு நடுவே ஒன்றரை மீட்டர்கூட இருக்காது. நல்ல கண்ணுக்குக்கூட ஐந்து கிலோமீட்டருக்கு அப்பால் அவை இரண்டாகத் தெரியாது. இந்தச் சாலையின் குன்றுப் பகுதி மேடையிலிருந்து இருபது, முப்பது கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. அதனால் ஒரே பந்து. வண்டி ஓரளவு நம் பக்கம் நோக்கி வருவதால், மணிக்கு நூறு கிலோமீட்டர் வேகத்தில் வந்தாலும் நகராமல் நிற்பதுபோல் இருக்கும். வளைவில் விளக்கு நம்மை நேராகப் பார்க்கும் கணத்தில் பளிச்சென்று பெருகும், திரும்பியதும் அணையும். எதிர்த்திசையில் போகும் வண்டியின் பின்விளக்குதான் அந்தச் சிவப்பு. சத்தமோ கேட்கவே கேட்காது.

இதன்மேல் காற்றும் தன் பங்கைச் சேர்க்கிறது. இத்தனை உயரத்தில், இத்தனை வறண்ட காற்றில், தரை வெப்பத்தை வேகமாக விட்டுவிடுகிறது. அடியில் குளிர்ந்த காற்று, மேலே சூடான காற்று என்று அடுக்கு நிற்கும்போது, ஒளி அடர்ந்த குளிர்காற்றின் பக்கம் வளைந்து, பூமியின் வளைவோடு சேர்ந்து போகும். மறைந்திருக்க வேண்டியது மேலே எழும்பித் தெரியும். நீளும், நசுங்கும், நடுங்கும், நிறம் பிரியும். பகலில் தார்ச்சாலையில் தண்ணீர் தெரிவது இதற்கு நேர் எதிரான அடுக்கில். இதை ஆஸ்திரேலியாவில் ஒருவர் சோதித்தே காட்டினார். க்வீன்ஸ்லாந்தின் உட்புறத்தில், பூலியா பக்கம், வழிப்போக்கர்களைத் துரத்தும் ‘மின் மின்’ ஒளி என்று ஒரு பழங்கதை உண்டு. நரம்பியல் ஆய்வாளர் ஜாக் பெட்டிக்ரூ தகுந்த இரவாகப் பார்த்து, பத்துக் கிலோமீட்டருக்கு அப்பால், சாதாரணமாகக் கண்ணுக்கே எட்டாத பள்ளத்தில் காரின் விளக்கைப் போடச் செய்தார். அந்தரத்தில் மிதக்கும் மின் மின் ஒளி வந்து நின்றது. 2003-இல் அதைக் கட்டுரையாக வெளியிட்டார். பேயை வேண்டும்போது வரவழைக்க முடிந்தது என்பதைவிடப் பெரிய விளக்கம் எனக்குத் தேவைப்படவில்லை.

மேடையில் எங்களுக்குப் பக்கத்து நாற்காலியில் ஓர் அம்மாள். பல வருடமாக வருகிறவர். எங்கள் போன் வரைபடத்தை எட்டிப் பார்த்துவிட்டு, “அது 67-ஆம் ரோடு, எனக்கும் தெரியும். அங்கே தெரிவதெல்லாம் கார்தான். ஆனால் அதோ, இடது ஓரத்தில் ஆடுகிறதே, அது கார் இல்லை” என்றார். பார்த்தோம். மங்கலான ஒரு புள்ளி. அவர் ஆடுகிறது என்றதும் எனக்கும் ஆடியது. பக்கத்தில் இருந்த பையனுக்கு அது மேலும் கீழும் குதித்தது. மேடைக் கைப்பிடிக் கம்பியில் கன்னத்தை வைத்து, கம்பியின் நுனியோடு அந்தப் புள்ளியைப் பொருத்திப் பார்த்தேன். அசையவே இல்லை. தொலைவில் ஏதோ பண்ணை வீட்டு விளக்காக இருக்கும்.

இருட்டில் தனியே நிற்கும் ஒற்றைப் புள்ளியை உற்றுப் பார்த்தால் அது நகர்வதாகத் தோன்றும். கண்ணின் இயல்பு அது. துருக்கியில் பிறந்து அமெரிக்காவில் ஆய்வு செய்த முசாஃபர் ஷெரிஃப் என்ற உளவியலாளர் இதை வைத்து 1935-இல் ஒரு சோதனையை வெளியிட்டார். இருட்டறையில் அசையாத ஒரு ஒளிப்புள்ளி. எவ்வளவு தூரம் நகர்ந்தது என்று தனித்தனியாகக் கேட்டால் ஆளுக்கொரு கணக்கு. ஒன்றாக உட்கார வைத்துச் சத்தமாகச் சொல்லச் சொன்னால், கொஞ்சம் கொஞ்சமாக எல்லோர் கணக்கும் ஓரிடத்தில் வந்து சேர்ந்துவிடும். யாரும் பொய் சொல்லவில்லை. மார்ஃபா மேடை ஒவ்வொரு இரவும் ஷெரிஃபின் இருட்டறையாகிறது. ஊர்த் திருவிழாவில் சாமி வந்தவரைச் சுற்றி நிற்கும்போது பக்கத்தில் இருப்பவருக்கும் உடம்பு ஆடத் தொடங்குமே, அந்த மாதிரி.

“1883-இல் கார் ஏது?” என்று அந்த அம்மாள் கேட்டார். எதிர்பார்த்த கேள்விதான். நியாயமான கேள்வியும்கூட. ஆனால் எல்லிசன் பார்த்ததாகச் சொல்லப்படுவது வாய்வழியாக வந்து வெகுகாலம் கழித்துப் பதிவானது. விளக்குகளைப் பற்றி நாடு முழுவதும் படிக்கும்படியான கட்டுரை 1957 ஜூலையில் ‘கோரோனெட்’ இதழில்தான் வருகிறது. அதற்குள் கார்கள் ஓடத் தொடங்கி அரை நூற்றாண்டு ஆகிவிட்டது. எல்லிசன் கதையை அப்படியே ஏற்றுக்கொண்டாலும், அதில் பந்தும் இல்லை, பிரிவதும் சேர்வதும் இல்லை. தூரத்து நெருப்பு போல ஒரு மினுக்கம், அவ்வளவுதான். அந்தச் சமவெளியில் அப்போது மாட்டு மந்தைக்காரர்கள் கூடாரமடித்திருந்தார்கள். ரயில் பாதையும் அதே ஆண்டுகளில்தான் அங்கே வந்தது. சாம்பல் கிடைக்கவில்லை என்பதும் பெரிய சான்று அல்ல. இரவில் தூரம் கணிக்கத் தெரியாமல், ஐந்து கிலோமீட்டரில் இருப்பதாக நினைத்ததை அங்கே போய்த் தேடினால், முப்பதில் இருப்பது எப்படிக் கிடைக்கும்?

நாட்டின் இன்னொரு கோடியில் இதே வழக்கு ஏற்கெனவே நடந்து முடிந்திருக்கிறது. வட கரோலினாவில் பிரவுன் மலை விளக்குகள். மக்கள் தொந்தரவு தாங்காமல் 1913-இல் அமெரிக்க நிலவியல் ஆய்வுத் துறை ஆளனுப்பியது. ரயில் எஞ்சின் விளக்கு என்று அவர் எழுதிவிட்டுப் போனார். 1916-இல் பெருவெள்ளம் வந்து ரயில் நின்றது. விளக்குகள் நிற்கவில்லை! ஊரார் சிரித்தார்கள். 1922-இல் ஜார்ஜ் ராஜர்ஸ் மான்ஸ்ஃபீல்டு என்ற நிலவியலாளர் கருவிகளோடு வந்து, மலைமேல் இரவிரவாக உட்கார்ந்து, ஒவ்வொரு ஒளியையும் வரைபடத்தில் குறித்தார். கார் 47 சதவீதம், ரயில் 33, நிலையான விளக்குகள் 10, புதர் நெருப்பு 10 என்பது அவர் கணக்கு. முதலில் வந்தவர் சொன்னது பொய்யல்ல, பாதி உண்மை. பேய் விளக்கு விஷயத்தில் ஒரே காரணத்தைக் கட்டிக்கொண்டு அழுகிறவர் யாராக இருந்தாலும், பேயை நம்புகிறவரோ நம்பாதவரோ, அவருக்கு வெள்ளம் வந்துதான் தீரும்.

அதனால்தான் ஜேம்ஸ் பன்னெல் என்பவரை நான் மதிக்கிறேன். ஓய்வுபெற்ற விண்வெளிப் பொறியாளர். தானே இயங்கும் கேமராக்களைச் சமவெளியில் நிறுவி, பல வருடப் பதிவுகளைச் சேர்த்து, 2009-இல் ஒரு புத்தகம் போட்டார். மேடையில் தெரிவதில் மிகப் பெரும்பாலானவை கார் விளக்குகளே என்று அவரே ஒப்புக்கொள்கிறார். மிச்சமிருக்கும் ஒரு சிறு கைப்பிடிக்குத்தான் காரணம் தேடுகிறார். அவர் சொல்லும் காரணங்கள், பாறை அழுத்தத்தில் பிறக்கும் மின்சாரம் போன்றவை, எனக்கு ஒட்டவில்லை. ஆனால் உமியைப் புடைத்துத் தள்ளிவிட்டு நெல்லைத் தேடுகிறார் என்பது போதும். நார்வேயின் ஹெஸ்டாலன் பள்ளத்தாக்கிலும் இப்படித்தான். 1980-களின் தொடக்கத்தில் அங்கே அடிக்கடி தெரிந்த ஒளிகளைப் பார்க்க 1983-இல் ஓர் ஆய்வுத் திட்டம் தொடங்கி, 1998-இல் தானியங்கி நிலையம் வைத்தார்கள். அங்கேயும் கார், விமானம் என்று கழிந்தவை உண்டு. எல்லாம் கழிந்துவிடவில்லை. விவாதம் இன்னும் நடக்கிறது.

நம் ஊர்க் கொள்ளிவாய்ப் பேயை இந்தக் கூட்டத்தில் சேர்க்கக் கூடாது. அது சாலை ஒளி அல்ல, சதுப்பு ஒளி. ஏரிக்கரையிலும் சேற்றுக் கழனியிலும் தணிந்து எரிவதாகச் சொல்லப்படுவது. அழுகும் தழையிலிருந்து மீத்தேன் வரும் என்பதை 1776-இல் இத்தாலியின் மாஜோரே ஏரியில் இயற்பியலாளர் வோல்டா கண்டார். ஆனால் மீத்தேன் தானாகப் பற்றிக்கொள்ளாது. பாஸ்பரஸ் சேர்ந்த வாயுதான் பற்ற வைக்கிறது என்று நம் பள்ளிப் பாடத்தில் படித்தது முழுதாக நிரூபணமானதல்ல. 2025-இல் ஸ்டான்ஃபோர்டின் ரிச்சர்ட் ஸாரே குழுவினர், தண்ணீரில் எழும் நுண்ணிய மீத்தேன் குமிழிகளுக்கிடையே மிகச் சிறு மின்னல்கள் பாய்ந்து வாயு ஒளிவிடுவதைச் சோதனைக்கூடத்தில் காட்டியிருக்கிறார்கள். நம் பாட்டிகள் பார்த்தது அதுதானா என்பதைச் சதுப்பில் போய்த்தான் சோதிக்க வேண்டும். அதற்குச் சதுப்பு மிஞ்சியிருக்க வேண்டும்.

அடுத்த நாள் ஃபோர்ட் டேவிஸ் வழியாக மெக்டொனால்டு வானாய்வகத்துக்கு ஏறினோம். மார்ஃபாவிலிருந்து ஒரு மணி நேரம்கூட ஆகாது. சுமார் 2,070 மீட்டர் உயரத்தில், லாக் மலை உச்சியில், 1939-இல் திறந்த வெள்ளைக் குவிமாடம். இதன் முதல் இயக்குநர் ஆட்டோ ஸ்ட்ரூவே. நம் வானியற்பியலாளர் சந்திரசேகரை 1937-இல் சிகாகோ பல்கலைக்கழகத்தின் யெர்க்ஸ் வானாய்வகத்துக்கு அழைத்து வேலையில் சேர்த்தவரும் அவரே. சுற்றியுள்ள நிலப்பரப்பு 2022-இல் சர்வதேச இருள்வானக் காப்பகமாக அறிவிக்கப்பட்டிருக்கிறது, உலகிலேயே மிகப் பெரியது. தெருவிளக்குகளை மூடி போட்டுத் தரைநோக்கித் திருப்பி வைத்திருக்கிறார்கள். சாலை விளக்கைப் பேயாகப் பார்க்க முடிவதும், நட்சத்திரத்தை நட்சத்திரமாகப் பார்க்க முடிவதும் ஒரே இருட்டால்தான். மார்ஃபா மேடையில் முதுகைத் திருப்பிக்கொண்டு நின்றிருந்தால், பால்வெளி தலைக்குமேல் கிடந்ததை அத்தனை பேரும் பார்த்திருக்கலாம். பார்த்தவர்கள் மிகச் சிலர்.

என் தீர்ப்பைக் கேட்டால், மேடையிலிருந்து தெரிபவை 67-ஆம் நெடுஞ்சாலையின் வண்டிகள். ஒரு சாலையைப் போட்ட துறையே, இன்னொரு சாலையோரம் மேடை கட்டி, முதல் சாலையின் போக்குவரத்தைப் பார்க்க நம்மை உட்கார வைத்திருக்கிறது. கிண்டலாகச் சொல்லவில்லை. அந்தப் போக்குவரத்து அங்கிருந்து பார்க்க அபாரமாக இருக்கிறது.

போகிறவர்களுக்குச் சில வார்த்தை. மேடைக்குக் கட்டணம் இல்லை, இரவு முழுவதும் இருக்கலாம். கோடையிலும் ஒரு சட்டை கூடுதலாக வையுங்கள். எல் பாஸோ வழியாக வந்தால் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளுங்கள். பகலில் ஒருமுறை பிரெசிடியோ சாலையில் போய்விட்டு வந்து, பிறகு மேடையேறுங்கள். அந்தச் சாலையில் வடக்கே திரும்பும்போது எல்லைக் காவல் சோதனைச் சாவடி உண்டு. இந்தியப் பாஸ்போர்ட்காரர்கள் விசாவோடு அதைக் கையில் வைத்திருக்க வேண்டும், அறையில் விட்டுவிட்டுப் போகக் கூடாது.